நாலு சிலிண்டர் எங்கிருந்து வந்தது, ஏன் போகிறது

புது ஸ்விஃப்ட்டுக்கு மூணு சிலிண்டர் இன்ஜின் வந்ததிலிருந்து எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷத்துக்குப் போனாலும், பந்தி முடிந்து ஆம்பளைகள் பந்தல் ஓரமாக நாற்காலி இழுத்துப் போட்டு உட்காரும் நேரத்தில், இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. நாலு இருந்ததை மூணாக்கிவிட்டான், விலையை மட்டும் ஏற்றிவிட்டான் என்று ஒருவர் ஆரம்பிப்பார். ஆட்டம் இருக்குதாம், மலை ஏறாதாம், ரெண்டு வருஷத்தில் இன்ஜினைத் தாங்கும் மவுண்ட் போயிடுமாம் என்று இன்னொருவர் எடுத்துக் கொடுப்பார். இவர்களில் பாதிப் பேர் அந்த வண்டியில் உட்கார்ந்துகூடப் பார்த்ததில்லை. தர்மபுரியில் இருக்கும் என் மச்சான் அதைத்தான் வாங்கப் போகிறேன் என்று சொன்னதும் பஞ்சாயத்து முழுக்க என் தலையில் வந்து விழுந்தது, ஏனென்றால் நான் ஓட்டுவது பழைய 1.3 பெட்ரோல் ஸ்விஃப்ட், சுசுகியின் சின்ன இன்ஜின்களைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் நான் சாப்பிட வந்ததையே மறந்து பேசுவேன் என்று எல்லாருக்கும் தெரியும்.

என் கட்சி இதுதான். சின்ன காருக்கு நாலு சிலிண்டர்தான் என்று யாரும் கல்வெட்டில் வெட்டி வைக்கவில்லை. இன்ஜினின் கொள்ளளவான ஒரு லிட்டரையோ ஒன்னேகால் லிட்டரையோ எத்தனை சிலிண்டராகப் பிரிப்பது, ஒரு சிலிண்டருக்கு எத்தனை சிசி விழ வேண்டும் என்பது ஒரு கணக்கு, அவ்வளவுதான். சுசுகி அந்தக் கணக்கை ஏறக்குறைய 50 வருஷமாக மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இருக்கிறது. அந்தக் கணக்கு தெரிந்தால் நாலு ஏன் வந்தது, ஏன் போகிறது என்று இரண்டுமே புரிந்துவிடும், மூணைப் பார்த்து முகம் சுளிக்கவும் தோன்றாது. பழைய நாலு சிலிண்டர் மேல் எனக்கு இருக்கும் பிரியம் வேறு சமாச்சாரம், அதற்கும் வருகிறேன்.

சுசுகி முதலில் கார் செய்தபோது நாலு ஸ்ட்ரோக் (பிஸ்டன் நாலு தடவை நகர்ந்தால் ஒரு வெடிப்பு) இன்ஜினே கிடையாது. 1955இல் வந்த சுசுலைட்டில் 360 சிசி ரெண்டு ஸ்ட்ரோக். அப்புறம் வந்ததெல்லாமும் ரெண்டு ஸ்ட்ரோக்தான், 1965இல் வந்த ஃப்ரான்ட்டே 800இல்கூட மூணு சிலிண்டர் ரெண்டு ஸ்ட்ரோக். அந்த இன்ஜின் எப்படி ஓடும் என்பது நம்ம பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1984இல் ஓசூரில் டிவிஎஸ்சோடு சேர்ந்து இன்ட்-சுசுகி ஏஎக்ஸ்100 பைக்கை இறக்கியபோது (அன்றைக்கு ஓசூர், கிருஷ்ணகிரி எல்லாமே தர்மபுரி மாவட்டம்தான்) பெட்ரோலும் ஆயிலும் சேர்ந்து எரிகிற அந்த நீலப் புகையும் வாசனையும் ஊர் ஊராக வந்து சேர்ந்தது. பைக்குக்கு அது சரி. ஆனால் 1970களில் ஜப்பானில் கார்களுக்கான புகை விதிகள் இறுகின. ரெண்டு ஸ்ட்ரோக்கில் எரியாத பெட்ரோலில் ஒரு பங்கு நேராகப் புகைபோக்கி வழியே போய்விடும், கூடவே ஆயிலும் எரியும், அதை வைத்துக்கொண்டு அந்த விதிகளைத் தாண்டுவது பெரிய பாடாகிவிட்டது. எந்த அளவுக்கு என்றால், 1977இல் சுசுகி தன் குட்டிக் கார் ஒன்றுக்குப் போட்டி கம்பெனியான டைஹாட்சுவிடமே நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் வாங்கிப் பொருத்தி விற்றது. மானம் போகிற காரியம்தான், ஆனால் கம்பெனி பிழைத்தது.

அதே 1977இல்தான் சுசுகியின் சொந்த நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் வந்தது. பெயர் எஃப்8ஏ, 797 சிசி, நாலு சிலிண்டர், ஜிம்னியின் அந்தக் கால மாடலான எல்ஜே80இல் போட்டார்கள். 797ஐ நாலால் வகுத்தால் ஒரு சிலிண்டருக்கு 200 சிசிகூட முழுசாக வராது. பிஸ்டனின் குறுக்களவு 62 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக், அதாவது அது ஏறி இறங்கும் தூரம், 66. நம்ம ஊரில் ஓடும் 200 சிசி பைக் ஒன்றின் சிலிண்டரை நாலு தடவை வரிசையாக வைத்தால் எவ்வளவோ அவ்வளவுதான் அந்த இன்ஜின்.

இங்கேதான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது. அதே குடும்பத்தில் அடுத்து எஃப்8பி என்று ஒன்று செய்தார்கள். 796 சிசி, அதாவது ஒரு சிசிதான் வித்தியாசம், ஆனால் மூணு சிலிண்டர். இதுதான் 1983 டிசம்பரில் வந்த நம்ம மாருதி 800இன் இன்ஜின். ஆக சுசுகி 800 சிசியில் நாலையும் செய்து பார்த்து மூணையும் செய்து பார்த்தது, மக்கள் வண்டிக்கு மூணுதான் சரி என்று அன்றைக்கே முடிவெடுத்தது. ஒரு சிலிண்டருக்கு 265 சிசி. அந்த மூணு சிலிண்டரில் உட்கார்ந்து கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய் வந்த தலைமுறைதான் இன்றைக்குப் பந்தலில் உட்கார்ந்து மூணு சிலிண்டரா என்று கேட்கிறது. 796 சிசி ஆல்டோவும் மூணுதான், ஆம்னியும் மூணுதான். போச்சம்பள்ளி சந்தைக்கு மூட்டை ஏற்றிக்கொண்டு போன ஆம்னிக்கு ஒரு சிலிண்டர் குறைகிறது என்று யாரும் அழுததாக நான் கேட்டதில்லை.

நாலு சிலிண்டரை மாருதி வேறு ஆட்களுக்கு வைத்திருந்தது. 1985இல் வந்த ஜிப்சியில் எஃப்10ஏ, 970 சிசி. 1990இல் மாருதி 1000 வந்தபோது அதே 970 சிசியைத்தான் அந்தப் பெரிய உடம்புக்குப் போட்டார்கள், பாவம், 46 குதிரைத்திறன். பார்க்க டாக்டர் வண்டி, ஏற்றத்தில் ஏசி போட்டால் மூச்சு வாங்கும். சிலிண்டர்கள் இருக்கும் உடம்பான பிளாக் வார்ப்பிரும்பு, தேய்ந்தால் எத்தனை தடவை வேண்டுமானாலும் லேத்தில் கொடுத்துச் சிலிண்டரைக் குடைந்து போர் பண்ணலாம், அது ஒன்றுதான் அதன் பெருமை என்பேன்.

உண்மையான ஆட்டம் ஜி வரிசையில்தான் ஆரம்பித்தது. 1983இல் ஜப்பானில் கல்டஸ் என்ற காருக்காக முதலில் ஜி10 என்று 993 சிசி மூணு சிலிண்டர் வந்தது, அடுத்த வருஷமே 1.3 லிட்டர் நாலு சிலிண்டர் வந்தது. பிளாக், அதை மேலே மூடும் ஹெட் இரண்டுமே அலுமினியம், சிலிண்டருக்குள் மட்டும் இரும்பு லைனர். 1980களின் ஆரம்பத்தில் மலிவு காருக்கு முழு அலுமினிய இன்ஜின் என்பது சாதாரண விஷயம் இல்லை. இந்த வரிசையில் 1298 சிசி ஜி13பிதான் நமக்கெல்லாம் தெரிந்த ஆள். குறுக்களவு 74, ஸ்ட்ரோக் 75.5, கிட்டத்தட்ட சதுரம். எட்டு வால்வு, பதினாறு வால்வு, இரண்டு கேம்ஷாஃப்ட் என்று ஒரே அடிப்படையில் பல வேஷம் போட்டது. இரண்டு கேம்ஷாஃப்ட் வைத்த ஸ்விஃப்ட் ஜிடிஐ அமெரிக்காவில் 100 குதிரைத்திறனோடு விற்றது. நமக்கு வந்தது சாதுவான வேஷம்தான். 1994இல் எஸ்டீமில் கார்புரேட்டரோடு 65 குதிரைத்திறன், பிறகு பதினாறு வால்வும், கணினி சொல்லும் அளவில் பெட்ரோலைப் பீச்சும் எம்பிஎஃப்ஐயும் வந்து 85, ஜிப்சி கிங்கில் முதலில் 60, பின்னால் 80. 2005 மே மாதம் ஸ்விஃப்ட் வந்தபோது அதே இன்ஜின் 87ஓடு அதன் பானெட்டுக்குள் உட்கார்ந்தது. ஒரு சிலிண்டருக்கு 325 சிசி.

ஒரே இன்ஜின் எஸ்டீமிலும் ஜிப்சியிலும் ஸ்விஃப்ட்டிலும் இருந்ததால் நம்மைப் போன்ற சின்ன ஊருக்கு என்ன கிடைத்தது என்பதை யாரும் எழுதிப் பார்த்ததில்லை. கிருஷ்ணகிரியில் ஸ்பேர் கடைக்காரர் ஒரே பெட்டி கேஸ்கெட்டை (இன்ஜின் மூட்டுகளில் கசிவைத் தடுக்கும் தகடு) வாங்கி வைத்தால் மூணு வண்டிக்காரனுக்கும் விற்கலாம். மெக்கானிக் ஒரு வண்டியில் கற்றது மற்றதற்கும் உதவும். பந்தயக்காரர்களுக்கும் அதே வசதிதான். ராலிகளில் எஸ்டீமும் ஜிப்சியும் ஓடாத இடமில்லை, கோயம்புத்தூர்ப் பக்கம் கட்டிய எல்ஜிபி ஃபார்முலா பந்தயக் கார்களின் முதுகிலும் சுசுகியின் 1.3தான் உட்கார்ந்தது. ஆனால் பந்தயத்தைவிட எனக்கு ஸ்பேர் கடைதான் முக்கியம்.

ஜி வரிசையில் என் மனசுக்கு ரொம்ப நெருக்கமானது ஸ்விஃப்ட் இன்ஜின்கூட இல்லை, 1993இல் வந்த ஜென்னின் 993 சிசிதான். ஒரு லிட்டரை மூணாகப் பிரித்த ஜி10 ஏற்கனவே கையில் இருந்தது, அதை விட்டுவிட்டு அதே 993ஐ நாலாகப் பிரித்தார்கள். குறுக்களவு 72, ஸ்ட்ரோக் வெறும் 61. ஸ்ட்ரோக் இவ்வளவு குட்டையாக இருந்தால் பிஸ்டன் போய்வரும் தூரம் குறைவு, 6000 சுற்றில்கூடப் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 12 மீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். அதனால் அந்த இன்ஜின் சிணுங்காமல் சுற்றும், முள் மேலே போகப் போக இன்னும் கொடு என்று கேட்கும். 50 குதிரைத்திறன் என்று தாளில் படித்தால் சிரிப்பு வரும், ஆனால் அஞ்செட்டி மலைப்பாதையில் இரண்டாவது கியரில் வளைவுக்கு வளைவு அதை விரட்டிப் பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். இந்த ஜென் ஐரோப்பாவுக்கு சுசுகி ஆல்டோ என்ற பெயரில் கப்பலேறியது. இன்றைய கணக்குப்படி பார்த்தால் ஒரு லிட்டருக்கு நாலு சிலிண்டரும் குட்டை ஸ்ட்ரோக்கும் வீண் செலவு. அந்த வீண் செலவுதான் எனக்குப் பிடித்தது, என்ன செய்வது.

இப்போது அலுமினியத்தின் மறுபக்கம். இது ஜப்பான்காரன் தாளில் எழுதாத, நம்ம மாவட்டத்துக்கே உரிய சங்கதி.

காவேரிப்பட்டணத்தில் நான் வண்டி விடும் மெக்கானிக் அண்ணன் கடையில் ஒரு நாள் எஸ்டீம் ஒன்றின் ஹெட்டை இறக்கி வைத்திருந்தார். அரூர் பக்கத்து வண்டி. சூடேறி, ஆவி வந்து, அப்படியே ஓட்டி வந்து நிறுத்தியிருக்கிறார்கள். சூட்டைப் பொறுத்துத் தண்ணீரைத் திறந்து விடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். பித்தளை எங்கே என்று தேட வேண்டியிருந்தது, சுற்றிலும் சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளைப் படிவம், நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக விழுகிறது. வாட்டர் பம்ப்பின் இறக்கைகளை எலி கரம்பின மாதிரி உப்பு அரித்திருந்தது, ஓரங்களே இல்லை. ஹெட்டைத் திருப்பிப் போட்டுத் துடைத்துவிட்டு, இரும்புப் பட்டையைக் குறுக்கே வைத்து, அடியில் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகடுகளை ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தார். 0.05 மில்லிமீட்டர் தகடு நுழைந்தாலே சீவிச் சமமாக்கும் ஃபேஸிங்குக்கு அனுப்பிவிடுவார். அன்றைக்கு அதைவிடப் பல மடங்கு தடிமனான தகடு வெண்ணெயில் போவது போல் நடு சிலிண்டர் ரெண்டுக்கும் இடையில் போய் வந்தது.

"போர் தண்ணி தம்பி," என்றார். "இரும்பு இன்ஜினா இருந்தா இதைக் குடிச்சிட்டுக் கொஞ்ச நாள் ஓடும். இது அலுமினியம், ஒரு தடவை கொதிச்சா வளைஞ்சிரும்."

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. அலுமினியம் சூட்டில் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அது சீராகக் குளிரும்வரை பிரச்சினை இல்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரியில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் இருக்கும் உப்பும் கடினத்தன்மையும் ஊரறிந்தது, ஃப்ளூரைடு வேறு. அந்தத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றி 90 டிகிரியில் சுற்ற விட்டால் சுண்ணாம்பு பிரிந்து உள்சுவரில் படியும், படிந்த இடத்தில் சூடு தண்ணீருக்கு இறங்காது, அந்த இடம் மட்டும் தனியாகக் காயும், வளையும், கேஸ்கெட் போகும். உப்பு ஒரு பக்கம் அலுமினியத்தைப் பொத்தல் போடும். கூலன்ட் என்று விற்கும் பச்சையோ நீலமோ ஒன்றை ஊற்ற ஆகிற செலவு, ஒரு ஹெட் வேலைக்கு ஆகிற செலவின் பக்கத்தில் நிற்காது. இருந்தாலும் அந்தக் காலத்தில் பெட்ரோல் பங்க்கில் நிறுத்தி பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் பிடித்து ஊற்றுவதுதான் வழக்கம். இதில் ஒரு வேடிக்கை, நம்ம குடிதண்ணீரில் ஃப்ளூரைடு பிரச்சினை தீரட்டும் என்று கொண்டுவந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்குக் கடன் கொடுத்ததும் ஜப்பான்தான். 2013இல் அந்தத் தண்ணீர் வருவதற்கு முன்னாலேயே ஜப்பான் இன்ஜின்கள் பல நம்ம போர் தண்ணியைக் குடித்துச் செத்துவிட்டன.

தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிட்டு, நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு என்று சொல்லும் மெக்கானிக்குகளும் உண்டு. சூடு முள் கீழே நிற்பதைப் பார்த்து வண்டிக்காரருக்குச் சந்தோஷம். எம்பிஎஃப்ஐ வண்டியில் அப்படிச் செய்தால் இன்ஜின் இன்னும் குளிராகவே இருக்கிறது என்று கணினி நினைத்துக்கொண்டு பெட்ரோலை அதிகமாக விட்டுக்கொண்டே இருக்கும். மைலேஜ் ஏன் விழுந்தது என்று கேட்டு வருபவர்களில் இது ஒரு ரகம்.

சரி, கதைக்கு வருவோம். நடுவில் எஃப்10டி என்று ஒரு சுவாரஸ்யமான பிறவி உண்டு. 1999 கடைசியில் வந்த வேகன் ஆரின் 1061 சிசி. மாருதி 800இன் அதே 68.5 குறுக்களவு, அதே 72 ஸ்ட்ரோக், சிலிண்டர் மட்டும் மூணுக்குப் பதில் நாலு. 796ஐ மூணால் வகுத்து நாலால் பெருக்கிப் பாருங்கள், சரியாக 1061 வரும். புது இன்ஜின் வரைவதற்குப் பதிலாகக் கையில் இருந்ததோடு ஒன்றைக் கூட்டிவிட்டார்கள். சுசுகியின் குணம் இதைவிடத் தெளிவாக எங்கேயும் தெரியாது.

அடுத்து கே வரிசை. 2008இல் ஏ-ஸ்டாரில் 998 சிசி மூணு சிலிண்டராக முதலில் வந்தது, 2009இல் ரிட்ஸில் நாலு சிலிண்டர் 1197 சிசி கே12எம். அடுத்த வருஷம் ஸ்விஃப்ட்டிலிருந்தும் ஜி13 போனது. கே12எம்முக்கு 73 குறுக்களவு, 71.5 ஸ்ட்ரோக், 85 குதிரைத்திறன். நாலு மீட்டருக்குக் குறைவான காரில் பெட்ரோல் இன்ஜின் 1200 சிசிக்குள் இருந்தால் வரி குறைவு என்று அரசு வைத்த விதி 1.3ஐ வெளியே தள்ளியது, பிஎஸ்4 புகை விதி இன்னொரு பக்கம் தள்ளியது. நூறு சிசி குறைந்தும் வண்டி சோர்ந்து போகவில்லை என்பதில்தான் இந்த இன்ஜின் செய்தவர்களின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. எடை குறைத்து, உரசல் குறைத்து, வால்வுகளை நேரத்துக்குத் திறக்க வைக்கும் டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின் வைத்தார்கள். செயின் மாற்றவே வேண்டாம் என்று சொல்லித்தான் விற்கிறார்கள், ஆயில் மாற்றாமல் இழுத்தடிப்பவர்களுக்கு அந்த வாக்குறுதி செல்லாது, காலையில் ஸ்டார்ட் செய்யும்போது கரகரவென்று அதுவே சொல்லிவிடும். பெல்ட் சத்தம் போடாமல் அறுந்துவிடும், செயின் கத்திக் கத்தி எச்சரிக்கும், இதில் எது நல்லது என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

2020இல் கே12என் வந்தது. ஒரு சிலிண்டருக்கு இரண்டு இன்ஜெக்டர், அவை வால்வுக்கு மிக அருகில். பெட்ரோல் இன்னும் நுணுக்கமாகச் சிதறும், சுவரில் ஒட்டி வீணாவது குறையும், அதனால் உள்ளே போனதை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்னும் அழுத்த விகிதத்தை 12 வரை ஏற்ற முடிந்தது. கூடவே குளிர வைத்த புகையில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே அனுப்புவது. 90 பிஎஸ் (குதிரைத்திறன்தான்). நாலு சிலிண்டரில் 1.2 லிட்டரை இதற்கு மேல் பிழிவது கஷ்டம் என்று அப்போதே தோன்றியது.

2024 மே மாதம் நாலு போய் மூணு வந்தது. புது ஸ்விஃப்ட்டில் இசட்12இ. அதே 1197 சிசி, மூணு சிலிண்டர், குறுக்களவு 74, ஸ்ட்ரோக் 92.8. அந்த 92.8ஐப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜென்னின் 61 எங்கே, இது எங்கே. ஒரு சிலிண்டருக்கு 399 சிசி, 1977இல் ஆரம்பித்த 200இன் சரியான இரண்டு மடங்கு. 82 பிஎஸ், 112 நியூட்டன் மீட்டர் டார்க் (திருகுவிசை). தாளில் பவர் குறைந்திருக்கிறது, மைலேஜ் மேனுவலில் 22.38இலிருந்து 24.80 ஆகியிருக்கிறது. சோதனைக்கூடத்து மைலேஜ்தான், சூளகிரி ஏற்றத்தில் யாருக்கும் 24.80 வராது, ஆனால் இரண்டு எண்களும் ஒரே முறையில் எடுத்தவை, வித்தியாசம் உண்மை.

எப்படி வந்தது அந்த வித்தியாசம்? அதே 1197 சிசியை மூணாகப் பிரித்தால் ஒவ்வொரு சிலிண்டரும் பெரிதாகும். உள்ளே எரியும் வாயுவின் அளவோடு ஒப்பிட்டால் அதைச் சுற்றி இருக்கும் சுவரின் பரப்பு குறையும், அதனால் சுவர் வழியாகத் தண்ணீருக்குப் போய் வீணாகும் சூடு குறையும். நீள ஸ்ட்ரோக்கும் இதற்கே உதவுகிறது, எரியும் அறை தட்டையாக இல்லாமல் திரண்டு இருக்கும். அப்புறம் உரசல். பிஸ்டன் மூணு, ரிங் மூணு செட், வால்வு பதினாறுக்குப் பதில் பன்னிரண்டு, கிராங்க்கைத் தாங்கும் மெயின் பேரிங் ஐந்துக்குப் பதில் நாலு. செய்கிற செலவும் குறைகிறது, அதைக் கம்பெனி வாய்விட்டுச் சொல்லாது.

விலை கொடுப்பது எங்கே என்றால் ஆட்டத்தில். நாலு சிலிண்டரில் இரண்டு பிஸ்டன் ஏறும்போது இரண்டு இறங்கும், ஒன்றின் உதறலை இன்னொன்று அடித்துவிடும். மிச்சம் ஒரு சின்ன அதிர்வு இருக்கும், அது பெரிய இன்ஜினில்தான் தொல்லை, 1.2, 1.3இல் கண்டுகொள்ளவே வேண்டாம். மூணு சிலிண்டரில் மேல் கீழ் உதறல் கழிந்துவிடும், ஆனால் முதல் சிலிண்டரும் கடைசி சிலிண்டரும் மாற்றி மாற்றி இழுப்பதால் இன்ஜின் இரு முனைகளிலும் ஏற்ற இறக்கமாக ஆட நினைக்கும், அதை மவுண்ட்தான் பிடித்து நிறுத்த வேண்டும். இன்னொன்று வெடிப்பு இடைவெளி. ஐடிலில் நிமிடத்துக்கு 750 சுற்று என்று வைத்தால் நாலு சிலிண்டரில் விநாடிக்கு 25 வெடிப்பு, மூணில் 19கூட இல்லை. கைக்குத் தெரிவது அந்த வித்தியாசம்தான்.

மச்சானோடு நானும் டெஸ்ட் டிரைவுக்குப் போனேன். தொப்பூர் வரை போய்த் திரும்பலாம் என்று கேட்டோம், ஷோரூம் பையன் முதலில் தயங்கினான், பிறகு அவனுக்கும் ஆசை வந்துவிட்டது. நின்ற இடத்தில் ஏசி போட்டால் ஸ்டியரிங்கில் ஒரு மெல்லிய துடிப்பு, கண்ணாடியில் பின்னால் நிற்கும் லாரியின் நம்பர் லேசாகக் கலங்குகிறது. தொப்பூர் இறக்கத்தில் மூணாவது கியரில் விட்டால் ஒழுங்காகப் பிடிக்கிறது. (அந்த இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருளும் லாரிகளைப் பற்றித் தனியாக எழுதினால் ரத்தக் கொதிப்பு வரும்.) திரும்பி ஏறும்போதுதான் எனக்கு வேண்டிய பதில் கிடைத்தது. முன்னால் கிரானைட் கல் ஏற்றிய டிரெய்லர் ஊர்ந்துகொண்டிருந்தது. மூணாவது கியரில் 1500 சுற்றில் மிதித்தால் இது உறுமுகிறது, பின்சீட்டில் இருந்த பையன்கூட நிமிர்ந்து பார்த்தான். 2000ஐத் தாண்டியதும் உறுமல் அடங்கி நன்றாகவே இழுக்கிறது. என் 1.3இல் அதே இடத்தில் அதே கியரில் எந்தச் சத்தமும் இல்லாமல் மெதுவாக ஏறிவிடும், வேகமாக ஏறாது, ஆனால் முனகாது. டார்க் எண் பார்த்தால் அது 113, இது 112, அதோடு புது வண்டி எடை குறைவு. ஆக மலை ஏறாது என்பது சுத்தப் பொய். ஏறும்போது சத்தம் கேட்கும் என்பது உண்மை.

மச்சானிடம் இதைத்தான் சொன்னேன். தினமும் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி போய் வருகிறவனுக்கு நாற்கர சாலையில் ஐந்தாவது கியரில் இந்த உறுமல் எதுவும் தெரியப் போவதில்லை, பெட்ரோல் காசு மிச்சமாவது மாசாமாசம் தெரியும். என் தங்கச்சி ஸ்டியரிங் துடிப்பைப் பற்றிக் கேட்டுவிட்டு, "நம்ம பழைய ஆல்டோவை விட இது தேவலாம்ண்ணா" என்று ஒரே வரியில் முடித்தாள். புக் பண்ணிவிட்டார்கள்.

இல்லை, எனக்கு நாலுதான் வேண்டும் என்பவர்களுக்கு இதை எழுதும் நேரத்தில் பலேனோவிலும் ஃப்ரான்க்ஸ் 1.2இலும் வேகன் ஆர் 1.2இலும் கே12என் இருக்கிறது, இன்னும் பெரிது வேண்டுமென்றால் ஜிம்னியில் 1462 சிசி கே15பி. என்னைப் போல் ஜி13தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் செகண்ட் ஹாண்டில் பழைய ஸ்விஃப்ட்டையோ எஸ்டீமையோ பார்க்கப் போவீர்கள். பெரும்பாலும் 15 வருஷம் தாண்டியிருக்கும், ஆர்சி புதுப்பித்திருக்கிறதா, பசுமை வரி கட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று கேளுங்கள், பில் இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். அப்புறம் இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பாருங்கள். பச்சையோ நீலமோ சிவப்போ தெளிவாக இருந்தால் மேற்கொண்டு பேசலாம். மூடிக்கு அடியில் வெள்ளையாகவோ செம்மண் நிறத்திலோ ஏதாவது ஒட்டியிருந்தால், பெயின்ட் எவ்வளவு பளபளத்தாலும், வீட்டுக்கு வந்து ஆலோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பி வந்துவிடுங்கள்.